ஓஷன் டேட்டா வியூ: கடலின் நீர்த்திரள்களைக் கண்டறிய உதவும் மென்பொருள் குறித்து ஒரு மதிப்புரை

ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் நகரிலுள்ள ஆல்ஃபிரட் வேகனர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரைனர் ஷ்லிட்சர் உருவாக்கி, 1990களிலிருந்து வளர்த்துவரும் மென்பொருள் ஓஷன் டேட்டா வியூ. கடலியலாளர்கள் சுருக்கமாக ஓடிவி என்பார்கள். ஆய்வுக் கப்பல்கள் அளந்துவரும் வெப்பநிலை, உப்புத்தன்மை, ஆக்சிஜன், சத்துப்பொருள்கள் ஆகியவற்றை வரைபடங்களாக்கிப் பார்ப்பதற்கு இதைவிடப் பரவலாகப் பயன்படும் கருவி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதன் எல்லா வசதிகளையும் இங்கே அலசப்போவதில்லை. கடலில் நீர்த்திரள்கள் எவ்வாறு பிறக்கின்றன, அவற்றை எவ்வாறு அடையாளம் காண்பது என்பதைக் கற்கவும் கற்பிக்கவும் இந்த மென்பொருள் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்ற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அளவீடுகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் வசதியில் இதற்கு ஈடு கிடையாது, ஆனால் அளவீடு இல்லாத இடத்தையும் அழகிய வண்ணத்தால் நிரப்பிக் காட்டும் அதன் திறமையைப் பயன்படுத்துவோர் மிகுந்த எச்சரிக்கையோடு அணுக வேண்டும்.

மென்பொருளைப் பற்றிப் பேசுமுன், அது எதைக் காட்ட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கடல்நீர் தன் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் பெறுகிறது. வெயிலும் குளிர்காற்றும் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. ஆவியாதலும் மழையும் ஆற்றுநீரும் பனி உறைதலும் உப்பின் அளவை மாற்றுகின்றன. மேற்பரப்பை விட்டுக் கீழே இறங்கிய பிறகு, அந்த நீருக்கு வெப்பத்தைக் கொடுப்பதற்கோ உப்பைச் சேர்ப்பதற்கோ ஏறத்தாழ யாரும் இல்லை. பக்கத்திலுள்ள வேறு நீரோடு கலப்பது ஒன்றே அதன் பண்புகளை மாற்றும் வழி. அதனால்தான் அண்டார்க்டிகாவின் கரையோரம் இறங்கிய நீரை, பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வட அரைக்கோளத்தின் அடியாழத்திலும் இனங்காண முடிகிறது. இப்படிப் பொதுவான பிறப்பிடமும் அதற்குரிய பண்புத் தொகுப்பும் கொண்ட பெரும் நீர்த்தொகுதியையே நீர்த்திரள் என்கிறோம்.

இதில் பருவகாலத்துக்கும் பெரும் பங்கு உண்டு. கோடையில் மேற்பரப்பு நீர் சூடாகவும் இலேசாகவும் இருக்கும்; அது கீழே இறங்குவதில்லை. குளிர்காலத்தின் இறுதியில் கலப்படுக்கு, அதாவது காற்றும் குளிர்ச்சியும் கலக்கிச் சீராக்கும் மேலடுக்கு, மிக ஆழமாகவும் மிக அடர்த்தியாகவும் இருக்கும்போது மேற்பரப்பில் நிலவும் பண்புகளே உள்கடலுக்குள் சென்று நிலைக்கின்றன. ஆண்டு முழுவதும் மேற்பரப்பில் நிகழும் மாற்றங்களில் பின்குளிர்காலத்தின் நிலை மட்டும் ஏன் இவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதைக் கடலியலாளர் ஹென்றி ஸ்டொமெல் 1979ஆம் ஆண்டு விளக்கினார். வட அட்லாண்டிக்கின் சார்கசோ கடலில் 18 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும் ஏறத்தாழ 36.5 உப்புத்தன்மையும் (ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ அத்தனை கிராம் உப்பு) கொண்டு சில நூறு மீட்டர் தடிமனில் சீராகப் பரவியிருக்கும் நீர், வளைகுடா நீரோட்டத்தின் தெற்கே பின்குளிர்காலத்தில் உருவாவதே. கோடையில் எடுத்த அளவீட்டிலும் அது சூடான மேலடுக்கின் கீழே அப்படியே இருக்கும். நீர்த்திரளைக் காட்ட முனையும் எந்தக் கருவியும், இன்றைய மேற்பரப்பின் கீழே பதிந்திருக்கும் கடந்த குளிர்காலங்களின் பதிவை வெளிக்கொணர வேண்டும். ஓடிவியை அந்த அளவுகோலால்தான் மதிப்பிடுகிறேன்.

மென்பொருளைப் பெறுவது எளிது. வணிகமும் இராணுவமும் சாராத ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் அது இலவசம். பதிவு செய்துகொண்டு பதிவிறக்கலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதைவிட முக்கியமானது, அதன் வலைத்தளத்திலேயே ஓடிவி வடிவத்தில் தயாராகக் கிடைக்கும் தரவுத் தொகுப்புகள். உலகப் பெருங்கடல் நிலப்படத் தொகுப்பு, 1990களில் பல நாடுகள் சேர்ந்து நடத்திய உலகப் பெருங்கடல் சுழற்சி ஆய்வின் கப்பல் அளவீடுகள், கார்பன் சார்ந்த குளோடாப் தொகுப்பு, அரிய தனிமங்களுக்கான ஜியோடிரேசஸ் தொகுப்பு ஆகியவற்றை இறக்கித் திறந்த சில நிமிடங்களில் ஒரு மாணவர் முழுப் பெருங்கடலின் வெட்டுமுகத்தைத் தன் கணினியில் காண முடியும். சொந்தமாகக் கப்பல் இல்லாத கல்லூரிகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கடலியல் கற்பிக்கும் எவரும் அறிவார்கள்.

முதலில் திறந்து பார்க்க நான் பரிந்துரைப்பது அட்லாண்டிக்கின் ஏ16 கோடு. ஐஸ்லாந்தின் பக்கமிருந்து தொடங்கி, பெருங்கடலின் நடுவே தெற்கு நோக்கி, தென் அட்லாண்டிக்கின் குளிர்ந்த பகுதிவரை செல்லும் அளவீட்டு வரிசை அது. கப்பல் நின்று அளந்த இடங்களைக் காட்டும் நிலையப் படத்தில் அந்தக் கோட்டைச் சுட்டியால் தொட்டுத் தொட்டு வரைந்து, எவ்வளவு அகலத்துக்குள் இருக்கும் நிலையங்களைச் சேர்க்க வேண்டும் என்று குறிப்பிட்டதும், உப்புத்தன்மையின் வெட்டுமுகம் திரையில் விரிகிறது. தெற்கிலிருந்து ஏறத்தாழ 700 முதல் 1000 மீட்டர் ஆழத்தில், உப்புக் குறைந்த நாக்கு ஒன்று வடக்கு நோக்கி நீண்டு, நிலநடுக்கோட்டையும் தாண்டிச் செல்வது தெரியும். அது அண்டார்க்டிக் இடைநீர். அதன் கீழே 1500 முதல் 4000 மீட்டர் வரை, 34.9க்கு மேற்பட்ட உப்புத்தன்மையோடு வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பரவுவது வட அட்லாண்டிக் ஆழ்நீர். அதற்கும் அடியில், தெற்கே கடலடித் தரையைத் தழுவியபடி உப்புச் சற்றுக் குறைந்த, மிகக் குளிர்ந்த அண்டார்க்டிக் அடிநீர் கிடக்கிறது. வடக்கே 35 முதல் 40 டிகிரி அட்சக்கோட்டுப் பகுதியில் 1000 மீட்டர் ஆழத்தை ஒட்டி உப்பு மிகுந்த பெரும் திட்டு ஒன்று தென்படும். மத்தியதரைக் கடலிலிருந்து ஜிப்ரால்டர் நீரிணை வழியாக வழிந்த நீர் அது. ஏறத்தாழ 13 டிகிரி வெப்பநிலையும் 38.4 உப்புத்தன்மையும் கொண்டு, சுமார் 300 மீட்டர் ஆழமே உள்ள மேட்டைத் தாண்டி வெளியேறும் அந்த நீர், அட்லாண்டிக் நீரோடு கலந்துகொண்டே சரிவில் இறங்கி, தன் அடர்த்திக்கு ஒத்த ஆழம் கிடைத்ததும் அங்கேயே படர்ந்து நிற்கிறது.

1925 முதல் 1927 வரை மெட்டியார் என்னும் ஜெர்மானியக் கப்பல் தென் அட்லாண்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து அளந்தவற்றைக் கொண்டு, கியோர்க் வூஸ்ட் கையால் வரைந்து நிறுவிய அடுக்கமைப்பு இதுவே. உப்புத்தன்மையோ ஆக்சிஜனோ உச்சத்தையோ தாழ்வையோ எட்டும் ஆழத்தை நீர்த்திரளின் கருவாகக் கொண்டு, அக்கருவை அது பிறந்த இடம்வரை பின்தொடர்ந்து செல்வது அவருடைய முறை. ஆண்டுக்கணக்கில் உழைத்து அவர் பெற்ற காட்சியை இன்று ஒரு மாணவர் ஒரு பிற்பகலில் பெற்றுவிடுகிறார். காட்சி எளிதில் கிடைத்துவிடுவதால், அதை வாசிக்கும் பயிற்சிக்கு நேரம் மிஞ்சுகிறது என்பதை ஆசிரியர்கள் நல்ல வாய்ப்பாகக் கொள்ள வேண்டும்.

வாசிக்கும் பயிற்சியின் மையம் வெப்பநிலை–உப்புத்தன்மை வரைபடம். நார்வேயின் பியோர்ன் ஹெலண்ட்-ஹான்சன் 1916ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய இந்த வரைபடத்தில் ஆழமும் இடமும் மறைந்துவிடும். ஒவ்வொரு நீர்மாதிரியும் இரண்டு எண்களால் ஆன ஒரு புள்ளியாகிவிடும். ஒரே மூலத்திலிருந்து வந்த நீர், எங்கே அளந்தாலும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து விழும். இரண்டு மூலநீர்கள் கலந்தால், கலவையின் புள்ளிகள் அவ்விரண்டையும் இணைக்கும் நேர்கோட்டில் அமையும். மூன்று கலந்தால் ஒரு முக்கோணத்துக்குள் அடங்கும். ஓடிவியில் இந்த வரைபடத்தைச் சிதறல் சாளரமாகத் திறந்து, அதன்மேல் சம அடர்த்திக் கோடுகளையும் வரையச் செய்யலாம். இதுவரை சொன்னதை வேறு பல நிரல்களும் செய்யும்.

ஓடிவியின் உண்மையான பலம், திரையிலுள்ள எல்லாச் சாளரங்களும் ஒரே மாதிரியைச் சேர்ந்து சுட்டிக்காட்டுவதில் இருக்கிறது. வெப்பநிலை–உப்புத்தன்மை வரைபடத்தில் வழக்கமான கூட்டத்தை விட்டு விலகி நிற்கும் ஒரு புள்ளியைச் சொடுக்கினால், அந்த மாதிரி எந்த நிலையத்தில், எந்த ஆழத்தில் எடுக்கப்பட்டது, அதன் ஆக்சிஜனும் சிலிக்கேட்டும் எவ்வளவு என்பன அனைத்தும் அதே கணத்தில் படத்திலும் வெட்டுமுகத்திலும் எண் பட்டியலிலும் குறிக்கப்படுகின்றன. மத்தியதரைக் கடல்நீர் வலப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்பதைக் கண்ட மாணவர், அந்தத் துருத்தலின் நுனியைச் சொடுக்கி, அது போர்ச்சுகலின் மேற்கே 1000 மீட்டர் ஆழத்திலிருந்து வந்தது என்பதைத் தாமே கண்டுகொள்ளும்போது, நீர்த்திரள் என்பது அவருக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய பெயர்ப்பட்டியலாக இருப்பதில்லை. எண்களின் வெளியிலிருந்து புவியியல் வெளிக்கும், அங்கிருந்து மீண்டும் எண்களின் வெளிக்கும் இவ்வளவு தடையின்றிப் போய்வர வழி செய்திருப்பதே இந்த மென்பொருளின் தலைசிறந்த சாதனை என்பேன். இந்த ஒரு வசதிக்காகவே அதை நிறுவலாம்.

புதிதாகப் பயன்படுத்துவோர் அச்சுகளின் வீச்சை மாற்றக் கற்றுக்கொள்ள வேண்டும். மேற்பரப்பு முதல் அடித்தளம்வரை எல்லா மாதிரிகளையும் ஒரே வரைபடத்தில் இட்டால், மேலுள்ள வெதுவெதுப்பான நீர் பரந்து விரிந்து நிற்கும். பெருங்கடலின் பெரும்பகுதியாகிய ஆழ்நீரோ ஒரு மூலையில் குவிந்து ஒரு திட்டாகிவிடும். ஆழ்கடலில் உப்புத்தன்மையின் வேறுபாடுகள் நூறில் ஒரு பங்கு, சில வேளைகளில் ஆயிரத்தில் சில பங்கு என்ற அளவில்தான் இருக்கும். சிறந்த ஆய்வுக் கப்பல்களில் உப்புத்தன்மையை 0.002 துல்லியத்தோடு அளக்க வேண்டும் என்று வலியுறுத்துவதும் அதனால்தான். வீச்சை 34.6க்கும் 35.0க்கும் இடையே, 5 டிகிரிக்குக் கீழே என்று சுருக்கியதும், திட்டாகத் தெரிந்த இடத்தில் அடிநீருக்கும் ஆழ்நீருக்கும் இடையிலான கலப்புக் கோடு நேராக எழுந்து நிற்கும்.

அளந்த எண்களிலிருந்து கணக்கிட்டுப் பெறும் அளவுகளை ஓடிவி தாராளமாக வழங்குகிறது. அவற்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது. ஆழத்தில் அளந்த வெப்பநிலையை அப்படியே பயன்படுத்தக் கூடாது. மேலுள்ள நீரின் அழுத்தமே கீழுள்ள நீரைச் சற்றுச் சூடாக்குகிறது. மரியானா அகழியில் 4500 மீட்டருக்குக் கீழே இறங்க இறங்க வெப்பமானியின் அளவு ஏறத்தாழ ஒரு டிகிரி உயர்வதற்கு அழுத்தமே காரணம். இந்த விளைவைக் கழித்துவிட்டுப் பெறும் நிலைவெப்பநிலையையோ, 2010ஆம் ஆண்டின் புதிய கடல்நீர்ச் சமன்பாட்டுத் தரத்தின்படி கணக்கிடும் வெப்பநிலை, உப்புத்தன்மை அளவுகளையோ பயன்படுத்த வேண்டும். இவ்விரண்டு வழிகளுக்கும் ஓடிவியில் இடம் உண்டு. பழைய ஆய்வுக் கட்டுரைகளின் எண்களோடு ஒப்பிடும்போது மட்டும் எந்த அளவுகோலில் இருக்கிறோம் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். புதிய தரத்தின் உப்புத்தன்மை, பழைய அளவைவிட ஏறத்தாழ 0.17 கூடுதலாக வரும்.

அடர்த்தியில் இதைவிட நுட்பமான ஒரு பொறி இருக்கிறது. மேற்பரப்பு அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடும் அடர்த்தியை, அதாவது சிக்மா-0 எனப்படும் அளவை (கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதிலிருந்து 1000ஐக் கழித்த எண்), தென் அட்லாண்டிக்கின் மேற்குப் பகுதியில் வெட்டுமுகமாக வரைந்து பாருங்கள். வட அட்லாண்டிக் ஆழ்நீரின் கீழே இருக்கும் அண்டார்க்டிக் அடிநீர், தனக்கு மேலுள்ள நீரைவிட இலேசானதுபோல் தோன்றும். இலேசான நீர் அடியில் நிலைத்திருக்க முடியாது என்பதால், இது அளவீட்டுப் பிழையோ என்று மாணவர்கள் திகைப்பார்கள். குளிர்ந்த நீர் வெதுவெதுப்பான நீரைவிட எளிதில் அமுங்குகிறது என்பதே விடை. 4000 டெசிபார் அழுத்தத்தை (ஏறத்தாழ 4000 மீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தம்) அடிப்படையாகக் கொண்ட சிக்மா-4 அளவைத் தேர்ந்தெடுத்தவுடன், அடிநீர் தனக்குரிய இடத்தில் கனமான நீராக அமைந்துவிடும். ஜாக்கெட், மெக்டூகல் என்னும் கடலியலாளர்கள் 1997இல் முன்வைத்த, நீர் மிதப்பு விசையின்றி நகரக்கூடிய பரப்புகளைக் குறிக்கும் நடுநிலை அடர்த்தியும் ஓடிவியில் இருக்கிறது, அதன்படி 28.27க்கு மேற்பட்டதை அண்டார்க்டிக் அடிநீர் என்று பல ஆய்வாளர்கள் எல்லை வகுக்கிறார்கள். நீர் அமுங்கும் தன்மை நீர்த்திரள் வகைப்பாட்டையே எப்படிப் பாதிக்கிறது என்பதை, ஒரு பட்டியலில் ஒரு தேர்வை மாற்றுவதன் மூலம் கண்ணெதிரே காட்ட முடிவது கற்பித்தலில் பெரும் பயன் தருகிறது.

வெப்பநிலையும் உப்புத்தன்மையும் மட்டும் போதாத இடங்களும் உண்டு. அங்கே சிதறல் வரைபடத்தின் புள்ளிகளுக்கு மூன்றாவது பண்பொன்றால் வண்ணமிடும் வசதி உதவுகிறது. தென் அட்லாண்டிக்கின் ஆழ்நீருக்கும் அடிநீருக்கும் இடையே சிலிக்கேட் கண்கூடான வேறுபாட்டைக் காட்டும்: அண்டார்க்டிக் மூலத்திலிருந்து வந்த நீரில் அது கிலோவுக்கு 100 மைக்ரோமோலுக்கு மேல் இருக்கும், வடக்கிலிருந்து வந்த நீரில் அதன் ஒரு பகுதியே இருக்கும். ஆக்சிஜன் வேறொன்றைச் சொல்கிறது. மேற்பரப்பை விட்டு இறங்கிய நீரில், மடிந்த உயிர்ப்பொருள்கள் சிதையும்போது ஆக்சிஜன் செலவாகிக்கொண்டே போவதால், அதன் குறைவு நீரின் வயதைக் காட்டும். பசிபிக்கின் வடபகுதி ஆழ்நீரில் ஆக்சிஜன் குறைந்தும் சத்துப்பொருள்கள் மிகுந்தும் இருப்பது, அந்தப் பெருங்கடலின் வடக்கே மேற்பரப்பு நீர் உப்புக் குறைந்ததாக இருப்பதால் அங்கே ஆழ்நீர் உருவாவதில்லை என்பதோடு பொருந்துகிறது. ஆயினும் ஆக்சிஜனும் சத்துப்பொருள்களும் வழியில் மாறக்கூடியவை. வெப்பநிலையைப்போல் அவற்றைக் கலப்பின் கணக்குக்கு நேரடியாகக் கொள்ள முடியாது. ஆக்சிஜனையும் நைட்ரேட்டையும் தக்க விகிதத்தில் கூட்டி, சிதைவால் மாறாத ஓர் அளவை உருவாக்கலாம் என்று வாலஸ் புரோக்கர் 1974இல் காட்டினார். அப்படிப்பட்ட கூட்டுக் கணக்குகளை நாமே எழுதிச் சேர்க்கவும் ஓடிவியில் வழி இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் உருவாக்கிக் காற்றில் கலந்த குளோரோஃபுளோரோ கார்பன்கள் இருக்கும் தரவுத்தொகுப்பில், அவற்றை வண்ணமாக இட்டுப் பார்த்தால், அண்மைக் காலத்தில் மேற்பரப்பைத் தொட்ட நீர் எது என்பது ஐயமின்றி வெளிப்படும்.

நம் கரைகளுக்கு அருகிலுள்ள கடல்களுக்கு வருவோம். ஓடிவியின் சம மதிப்புப் பரப்பு வசதியில், ஒரு குறிப்பிட்ட அடர்த்திப் பரப்பின்மீது உப்புத்தன்மை எவ்வாறு மாறுகிறது என்று கேட்கலாம். அரபிக்கடலில் மூன்று உப்பு உச்சங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருக்கின்றன. ஏறத்தாழ 24 என்ற சிக்மா அளவில் இருப்பது, வடகிழக்குப் பருவக்காற்றின் வறண்ட குளிரால் வட அரபிக்கடலின் மேற்பரப்பு அடர்த்தியாகி இறங்கியதால் உண்டான நீர். 26.6ஐ ஒட்டியது பாரசீக வளைகுடாவிலிருந்து ஹோர்முஸ் நீரிணை வழியாக வந்தது. 27.2ஐ ஒட்டி, பல நூறு மீட்டர் ஆழத்தில் இருப்பது செங்கடலிலிருந்து பாப்-எல்-மண்டெப் நீரிணையின் ஆழம் குறைந்த மேட்டைத் தாண்டி வந்தது. 27.2 பரப்பில் உப்புத்தன்மையை வரைந்தால், ஏடன் வளைகுடாவில் தொடங்கிக் கிழக்கேயும் தெற்கேயும் படிப்படியாகக் குறைந்து செல்லும் பாதை புலப்படும். மூலநீர் எவ்வளவு கலந்து நீர்த்துப்போனது என்பதையும் அதே படத்தில் கணிக்கலாம்.

1995ஆம் ஆண்டு நார் என்னும் ஆய்வுக் கப்பல் அரபிக்கடலையும் வங்காள விரிகுடாவையும் கிழக்கு மேற்காகக் கடந்து அளந்த ஐ01 கோட்டையும் இதனோடு சேர்த்துத் திறக்குமாறு தமிழ்நாட்டு, இலங்கை மாணவர்களைக் கேட்டுக்கொள்வேன். ஏறத்தாழ ஒரே அட்சக்கோட்டில் அமைந்த இரண்டு கடல்கள் அவை. ஒரே வரைபடத்தில் இடும்போது அவற்றின் மேலடுக்குப் புள்ளிகள் எதிரெதிர்த் திசைகளில் விரிகின்றன. ஆவியாதல் மிகுந்த அரபிக்கடலின் மேல்நீர் உப்பு மிகுந்த பக்கமும், கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆகிய ஆறுகளும் பருவமழையும் நன்னீரைக் கொட்டும் வங்காள விரிகுடாவின் மேல்நீர் உப்புக் குறைந்த பக்கமும் செல்கின்றன. விரிகுடாவின் மேலே மிதக்கும் அந்த இலேசான அடுக்கு மூடிபோல் இருப்பதால், குளிர்காலக் குளிர்ச்சி அங்கே நீரை ஆழத்துக்கு இறக்கப் போதுவதில்லை. அரபிக்கடலின் வடபகுதியில் அது போதுகிறது. நீர்த்திரள் எங்கே பிறக்கும், எங்கே பிறக்காது என்பதை விளக்க இதைவிட நல்ல இணை எனக்குத் தெரியவில்லை. இந்தியப் பெருங்கடலில் தாமே மூழ்கியெழுந்து அளக்கும் ஆர்கோ மிதவைகளின் தரவுகளை ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வழங்குகிறது. அவற்றின் கோப்புகளையும் ஓடிவி ஏற்றுக்கொள்ளும். வழக்கமான ஆர்கோ மிதவைகள் 2000 மீட்டர்வரைதான் இறங்குகின்றன என்பதால், அடிநீரை அறிய இன்றும் கப்பல் அளவீடுகளும் ஆழ்கடல் மிதவைகளுமே வேண்டும்.

இனி, நான் எச்சரிக்கையோடு அணுகச் சொன்ன பகுதி. கப்பல் ஒரு கோட்டில் செல்லும்போது நிலையத்துக்கு நிலையம் பல பத்துக் கிலோமீட்டர் இடைவெளி இருக்கும். நீர் எடுக்கும் புட்டிகளும் ஒரு நிலையத்தில் பொதுவாக 24 அல்லது 36தான். அவற்றுக்கு இடையே உள்ள நீரை எவரும் அளக்கவில்லை. ஓடிவி அந்த இடைவெளிகளை இடைக்கணிப்பால் நிரப்பி, விளிம்பில்லாமல் வழுவழுப்பாக ஓடும் வண்ணப் பரப்பாக்கித் தருகிறது. எடையிட்ட சராசரி முறையும், பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் உருவான டிவா முறையும் அதில் இருக்கின்றன. கிடைமட்டத்திலும் செங்குத்திலும் எவ்வளவு தூரம்வரை ஒரு மாதிரியின் செல்வாக்கு பரவலாம் என்று நாம் கொடுக்கும் இரண்டு எண்களே படத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கின்றன. எண்ணைச் சிறிதாக்கினால் ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் வளையங்கள் முளைக்கும். பெரிதாக்கினால் மெல்லிய நீர்த்திரள் முழுவதும் கரைந்து காணாமற்போகும். டென்மார்க் நீரிணையில் ஏறத்தாழ 600 மீட்டர் ஆழமுள்ள மேட்டைத் தாண்டிச் சரிவில் வழியும் குளிர்நீர், தரையை ஒட்டிய மெல்லிய அடுக்காகவே செல்கிறது. வட அட்லாண்டிக் ஆழ்நீரின் முக்கியமான மூலங்களில் ஒன்றான அது, தாராளமான இடைக்கணிப்பில் மேலுள்ள நீரோடு கலந்துவிட்டதுபோல் தோன்றிவிடும். கடலில் நிகழாத கலப்பு படத்தில் நிகழ்ந்துவிடுகிறது.

இது மென்பொருளின் பிழையென்று சொல்வது நியாயமாகாது. இடைக்கணிப்பு இல்லாத வெட்டுமுகம் எங்கும் இல்லை. மூல மாதிரிகளை வண்ணப் புள்ளிகளாக மட்டும் காட்டவும், நிரப்பிய பரப்பின்மேல் அளந்த இடங்களைக் குறிக்கவும், மாதிரிகளிலிருந்து வெகுதொலைவில் உள்ள கணிப்புகளை வெற்றிடமாக விட்டுவிடவும் ஓடிவியிலேயே தேர்வுகள் உண்டு. ஆனால் அழகான பரப்பு கிடைத்ததும் அந்தத் தேர்வுகளைத் தேடிப் போவோர் குறைவு. அளந்த இடங்களைக் குறிக்காமல் வெளியிடப்படும் வெட்டுமுகத்தை ஆய்விதழ் மதிப்பீட்டாளர்கள் ஏற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாணவர்களிடமும் எப்போதும் முதலில் புள்ளிகளைக் காட்டச் சொல்வேன். அதன் பிறகே பரப்பு. நீரிணைகளையும் மேடுகளையும் கடக்கும் நீரைப் பார்க்கும்போது, கடலடி நிலத்தோற்றத்தை வெட்டுமுகத்தோடு சேர்த்து வரையவும் மறக்கக் கூடாது. மென்பொருள் அதற்கான தரவையும் தருகிறது.

வண்ணத் தேர்விலும் இதே கவனம் வேண்டும். கடலியலில் நெடுங்காலமாகப் பழகிப்போன வானவில் வண்ணவரிசையில், மஞ்சளும் அதை ஒட்டிய பச்சையும் கண்ணைப் பறிப்பதால், எண்களில் திடீர் மாற்றம் எதுவும் இல்லாத இடத்திலும் நீர்த்திரளின் எல்லை இருப்பதுபோல் ஒரு மயக்கம் உண்டாகிறது. நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது இன்னும் சிக்கல். ஒளிர்வு சீராகக் கூடிச்செல்லும் வேறு வண்ணவரிசைகளை ஓடிவியில் தேர்ந்தெடுக்க முடியும்; அதை முதல் வேலையாகச் செய்துவிடுங்கள்.

செய்ய இயலாதவற்றையும் சொல்ல வேண்டும். எந்த மாதிரியில் எந்த மூலநீர் எத்தனை விழுக்காடு என்று பல பண்புகளையும் ஒருசேரக் கொண்டு தீர்க்கும் உகந்த பன்பண்புப் பகுப்பாய்வு, மத்தியாஸ் டாம்சாக் முதலியோரின் முயற்சியால் 1980களில் வளர்ந்த முறை. அதற்குத் தரவை எழுத்துக்கோப்பாக ஏற்றுமதி செய்து வேறு நிரலில்தான் கணக்கிட வேண்டும். ஏற்றுமதி எளிதாகவும் ஒழுங்காகவும் இருப்பதால் இது பெருந்தடை அல்ல. மூலநீரின் பண்புகளைத் தேர்ந்தெடுப்பது எந்தக் கணக்கிலும் ஆய்வாளரின் முடிவே. அந்தப் பண்புகளும் நிலையானவை அல்ல: 1990களின் தொடக்கத்தில் லாப்ரடார் கடலில் குளிர்காலக் கலப்பு 2000 மீட்டருக்கும் கீழே சென்று, முந்தைய ஆண்டுகளைவிடக் குளிர்ந்த, அடர்த்தியான நீரை உருவாக்கியது. எனவே வெவ்வேறு பத்தாண்டுகளின் கப்பல் அளவீடுகளை ஒரே கூட்டத்தில் போட்டு வரையும்போது, புள்ளிகள் சிதறியிருப்பது கலப்பால்தான் என்று அவசரப்பட்டு முடிவு செய்துவிடக் கூடாது. நிலையங்களைக் காலத்தால் வடிகட்டும் வசதியைப் பயன்படுத்தி, ஆண்டு ஆண்டாகப் பிரித்துப் பார்த்த பிறகே பேச வேண்டும்.

கற்றுக்கொள்வது கடினமா என்று கேட்பவர்களுக்கு: தொடக்கத்தில் சற்றுத் திணறத்தான் வேண்டும். பெரும்பாலான கட்டளைகள் வலச்சொடுக்குப் பட்டியல்களுக்குள் இருக்கின்றன. இடைமுகமும் கையேடும் ஆங்கிலத்தில் உள்ளன. சாளர அமைப்பு, அச்சு வீச்சு, வண்ணம் எல்லாவற்றையும் ஒரு காட்சிக் கோப்பாகச் சேமித்துக்கொள்ள முடிவதால், ஆசிரியர் ஒருவர் நன்றாக அமைத்த காட்சியை வகுப்பு முழுவதற்கும் பகிரலாம். கணினியில் நிறுவ இயலாதவர்களுக்கு உலாவியிலேயே இயங்கும் வலைப்பதிப்பும் இருக்கிறது. பைத்தான் நிரல்மொழி அறிந்தவர்கள் இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றைத் தாமே நிரலெழுதிச் செய்யலாம். ஒரே கணக்கை நூற்றுக்கணக்கான கோப்புகளில் திரும்பத் திரும்பச் செய்யவும், ஒவ்வொரு படியையும் பிறர் சரிபார்க்கும்படி பதிந்து வைக்கவும் அதுவே ஏற்றது. ஆனால் புதிய தரவு ஒன்று கைக்கு வந்த முதல் மணி நேரத்தில், அதில் என்ன இருக்கிறது என்று துழாவிப் பார்க்க ஓடிவியைத்தான் நான் திறப்பேன்.

முதுநிலை மாணவர்களுக்கும், கடலியலைப் பாடமாக வைத்திருக்கும் கல்லூரி ஆய்வகங்களுக்கும் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஆய்வகக் கணினிகளில் நிறுவும்போது ஏ16, ஐ01 கோடுகள் அடங்கிய கப்பல் அளவீட்டுத் தொகுப்பையும் உயர்துல்லியக் கடலடி நிலத்தோற்றத் தரவையும் முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால், இணைய வேகம் குறைந்த இடங்களிலும் செய்முறை வகுப்புத் தடைபடாமல் நடக்கும்.